பார் வைத்த சைக்கிள்

அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். லேடீஸ் சைக்கிளில் நேர் பார் இருக்காது. சங்கிலிக்கு முழு மூடி இருக்கும். ஏன் இப்படி என்று கேட்க எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

சைக்கிளைப் பெண் விடுதலையின் வாகனம் என்று புகழ்வார்கள். புகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு வண்டியையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். 1819இல் லண்டனில் டெனிஸ் ஜான்சன், காலால் தரையை உந்தி ஓட்டும் பெடலில்லாத வண்டியைப் பெண்களுக்கென்று தனியாகச் செய்தார். நீளப் பாவாடைக்கு இடைஞ்சல் இல்லாமல் நடுச்சட்டத்தைத் தாழ்த்தினார். 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி செய்தது இன்னும் வேடிக்கை. பெரிய முன்சக்கரத்துக்கு இரண்டு பெடல். இரண்டும் ஒரே பக்கத்தில்! குதிரைமேல் சீமாட்டி உட்காருவதுபோல ஒருபக்கமாக உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இருவரும் உடையை அளவெடுத்து வண்டி செய்தவர்கள்.

அந்த ஒருபக்க உட்காரல் இன்னும் சாகவில்லை. பைக்கில் இருக்கும் சாரி கார்டைப் பாருங்கள். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். உயிர் காக்கிற பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் புடவைக்குரிய இடம் பின்சீட்டு என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

புதுக்கோட்டையில் 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். அதை நேரில் பார்த்து எழுதிய பி. சாய்நாத் தருகிற ஒரு சின்னத் தகவல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்பதால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். பிறகு சிலர் அதையே விரும்பினார்கள். காரணம், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம்.

1819 முதல் பெண்ணுக்கு இடைஞ்சல் என்று வளைத்தும் தாழ்த்தியும் வந்த கம்பி, இவர்கள் கையில் இருக்கையாகிவிட்டது. இதுவும் கண்டுபிடிப்புதான். ஆனால் ஜான்சனும் ஸ்டார்லியும் கண்டுபிடிப்பாளர்கள்; நம் அரசுக் கோப்புத் தமிழில் இந்தப் பெண்களுக்குப் பெயர் 'பயனாளி'. கொண்டாடும்போதே ஒன்று உறுத்தவும் செய்கிறது. பிள்ளையும் தண்ணீர்க்குடமும் சைக்கிளில் ஏறிக்கொண்டன. அந்த வேலைகள் வேறு யார் தலைக்கும் மாறவில்லை.

வகுப்பில் இதைப் பேசியபோது, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். தாத்தாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டப் பழகினாளாம். "பார் இடைஞ்சலா இல்லையா?" என்றேன்.

"சீட்டு எட்டாது மேடம். அந்தப் பாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவேன்."