கருங்காலியில் ஆறு பின்கள்

தெஹிவளையில் காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வாழும் கிற்றார்களுக்கு உப்புக்காற்று ஓயாத எதிரி. பூட்டிய கம்பி சில வாரங்களிலேயே மங்கி, தடவினால் விரலில் கறை ஒட்டும். அதனால் இந்தப் பக்கத்தில் கம்பி மாற்றுவது அடிக்கடி நடக்கிற வேலை. மாற்றும்போதெல்லாம் பிரிட்ஜில் இருக்கும் ஆறு பின்களும் பிடுங்கப்பட்டுத் திரும்பவும் குத்தப்படுகின்றன. மலிவான கிற்றாரோடு வரும் பிளாஸ்டிக் பின்கள் இந்தப் பாட்டை நெடுநாள் தாங்குவதில்லை. கழுத்துத் தேய்கிறது, உடம்பில் கம்பி அறுத்த தடம் விழுகிறது, சில வளைந்தே போகின்றன. மாற்ற வேண்டி வரும்போதுதான் அந்தச் சின்னப் பொருளைப் பலரும் முதன்முதலாக உற்றுப் பார்க்கிறார்கள். நைலோன் நரம்புக் கிற்றார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் நரம்பை பிரிட்ஜிலேயே முடிந்துவிடுவார்கள்.

கம்பியை இழுத்துப் பிடித்திருப்பது பின் என்று தோன்றும். உண்மையில் கம்பி நுனியில் இருக்கும் பித்தளைக் குண்டு, மேற்பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டிய கெட்டியான மரத் தகட்டில் முட்டி நிற்கிறது. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவை. அதன் பாரம் முழுவதும் அந்தத் தகட்டின் மேல்தான். குண்டு துளைக்குள் திரும்ப ஏறிவிடாமல் ஒதுக்கி வைப்பதே பின்னின் பணி. இது விளங்கியவர் பின்னைச் சுத்தியலால் தட்டமாட்டார், கம்பி அறுந்து பறக்குமோ என்று பயந்து இறுக்கவும் மாட்டார். சரியாகப் பொருந்திய பின் பெருவிரல் அழுத்தத்திலேயே உட்கார்ந்துவிடும்.

அந்தப் பொருத்தத்தில்தான் இந்த வேலையின் கலை முழுவதும் இருக்கிறது. துளையும் பின்னும் மேலே அகன்று கீழே ஒடுங்கியவை. பரவலாகக் கிடைப்பவை 3 பாகைச் சரிவும் 5 பாகைச் சரிவும். ஒன்றுக்கு வெட்டிய துளையில் மற்றதைப் போட்டால் ஏதாவது ஒரு முனை மட்டும் தொடும், மிச்சம் ஆடும். வீணையின் பிருடையும் இதே சூத்திரத்தில்தான் நிற்கிறது: சரிவு சரிவோடு முழு நீளத்துக்கும் பொருந்தினால் அதற்கு மேல் பிடிமானம் வேண்டியதில்லை. புதிய பின் உயர்ந்து நின்றால், சரிவான துளைசீவியைக் கையால் அரைச் சுற்றுச் சுற்றி, மரத்தூளை ஊதிவிட்டு, பின்னைப் போட்டுப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. மின்துளைகருவியைக் கொண்டு அவசரப்பட்டவர்களின் பிரிட்ஜில் துளைக்குத் துளை வெடிப்பு ஓடியிருப்பதைக் கண்டிருக்கிறேன். பார்க்கவே மனம் வலிக்கும்.

பழையதைக் கழற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. முதலில் கம்பிகளை நன்றாகத் தளர்த்த வேண்டும். பிறகு கம்பியைத் துளைக்குள் சற்றே தள்ளினால் குண்டு பிடியை விடும், பின் தானாக இளகும். மழைக்காலத்தில் மரப்பின் ஊதி இறுகிப்போவதுண்டு. அப்போது ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, ஒரு நாணயத்தால் அடியிலிருந்து மெல்ல நெம்ப வேண்டும். குறடு போட்டால் தலை முறிந்து உடல் உள்ளே தங்கிவிடும்.

எந்தப் பொருளில் பின் போடுவது என்பதில் வாக்குவாதம் ஓய்வதில்லை. பித்தளையில் ஒலி கூர்மையாகிறது என்பார்கள். ஆனால் அதே அளவு பிளாஸ்டிக்கை விட ஏழு மடங்குக்கும் அதிகமான எடையை மேற்பலகையின் நடுவில் ஏற்றுகிறோம். சின்ன உடல் கொண்ட கிற்றார் அதில் அடங்கிப்போகும். எலும்பு நல்லது, நெடுங்காலம் உழைக்கும். 19ஆம் நூற்றாண்டில் யானைத் தந்தமும் போட்டார்கள். 1989இல் சர்வதேச வர்த்தகத் தடை முடிவாகி அந்தக் கதை முடிந்தது, நல்லதாயிற்று. என் காதுக்கு இவற்றுக்கிடையிலான ஒலி வேறுபாடு சிறியது. பொருந்தாத பின்னை மாற்றிப் பொருந்திய பின்னைப் போடும்போது கேட்கும் வேறுபாடு பெரியது.

இருந்தும் என் விருப்பம் கருங்காலிதான். உலகத்தின் கிற்றார்க்காரர்கள் இன்றும் சிலோன் எபனி என்று மரியாதையோடு சொல்லும் மரம் இந்தத் தீவின் உலர்வலயக் காடுகளில் வளர்வது. தண்ணீரில் போட்டால் தாழும் கனம், தேய்த்தால் மெழுகு பூசாமலே மினுங்கும் கறுப்பு. இங்கே இப்போது அதை வெட்டுவதற்குத் தடை இருப்பது சரியே. இன்றைய கிற்றார்களுக்குப் பெரும்பாலும் ஆபிரிக்கக் கருங்காலிதான் வருகிறது. கமரூனில் யவுண்டே நகரத்து மர ஆலை ஒன்றில் டெய்லர் கிற்றார் நிறுவனம் 2011 முதல் பங்காளி. பழைய மேசைக் கால் ஒன்றில் இருந்து சீவியெடுத்த உள்ளூர்க் கருங்காலிப் பின் கிடைத்தால் அதற்கு ஈடு கிடையாது.

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்று வளர்ந்த நம் பொப் இசைக்கு வலக்கை ஓய்வறியாது. ஆறு-எட்டு பைலா தாளத்தில் கம்பிகளை வாரி அடிக்கும்போது அரைகுறையாக உட்கார்ந்த குண்டு அசைந்து கொடுக்கும். ஆகவே புதுப் பின் போட்டபின் இப்படிச் சோதியுங்கள். கம்பி நுனியைக் குண்டுக்கு மேலே சற்று வளைத்து, பின்னின் காடி, கம்பிகள் படிந்து செல்லும் சாடிலைப் பார்க்கும்படி செருகி, பின்னை ஒரு கையால் அழுத்தியபடி மறு கையால் கம்பியை மேலே இழுத்துக் குண்டை இருத்துங்கள். சுதி சேர்த்து, பைலா அடியில் பத்து நிமிடம் வாசியுங்கள். பின் மேலெழும்பி ஆறாம் கம்பியின் சுதி இறங்கினால், குண்டு தகட்டில் முட்டாமல் பின்னின் நுனியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றி, இன்னும் கொஞ்சம் வளைத்து, மறுபடி போடுங்கள்.