விழுங்கப்பட்ட ஒரு சொல்

வெப்பநிலை மாறாத நிகழ்வில் என்ட்ரோபி மாற்றம் எவ்வளவு? கேட்டால் டக்கென்று பதில் வரும்: வாங்கிய வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் போச்சு. கைடுகளில் இதைக் கட்டம் கட்டியே போட்டிருப்பார்கள். சூத்திரத்தில் தப்பில்லை. எழுதும்போது ஒரு சொல்லை விழுங்கிவிடுகிறார்களே, அதுதான் என் குறை.

1845ல் ஜூல் செய்த சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இரண்டு கலன்கள். ஒன்றில் அழுத்தி அடைத்த காற்று, இன்னொன்றில் வெற்றிடம். நடுவில் உள்ள அடைப்பைத் திறந்ததும் காற்று இரண்டிலும் பரவியது. தண்ணீரின் வெப்பநிலையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஆக, வெப்பம் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. கட்டம் கட்டிய சூத்திரத்தில் போட்டால் என்ட்ரோபி மாற்றம் சுழியம். அப்படியானால் காற்று தானாகவே பழைய கலனுக்குத் திரும்பலாமே? திரும்பாது.

விழுங்கப்பட்ட சொல் 'மீள்'. வகுக்க வேண்டியது மீள் நிகழ்வில் வாங்கும் வெப்பத்தை. என்ட்ரோபி வாயுவின் நிலையைப் பொறுத்தது. அந்த நிலைக்கு வந்த வழியைப் பொறுத்தது இல்லை. அதனால் அதே தொடக்கம், அதே முடிவுக்கு இடையே ஒரு மீள் வழியைக் கற்பனை செய்துதான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு மோல் நல்லியல்பு வாயு, 300 கெல்வின், கனஅளவு இரண்டு மடங்காகிறது. பிஸ்டனை மிக மெதுவாக நகரவிட்டால் வாயு சுமார் 1729 ஜூல் வெப்பம் வாங்கி, அவ்வளவு வேலையும் செய்கிறது. 300ஆல் வகுத்தால் 5.76 ஜூல்/கெல்வின். சுற்றுப்புறம் அதே அளவு இழக்கிறது. மொத்த மாற்றம் சுழியம்.

வெற்றிடத்தில் பாயவிட்டாலும் வாயுவுக்கு அதே 5.76தான். ஆனால் சுற்றுப்புறம் எதையும் இழக்கவில்லை. மொத்தமும் நிகரக் கூடுதல். இதை 300ஆல் பெருக்கினால் மறுபடி 1729 ஜூல் வருகிறது. 17 கிலோவை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியிருக்கக்கூடிய வேலை, கிடைக்காமலே போய்விட்டது.

"என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, கலைந்து கிடக்கும் அறை மாதிரி" என்று சொல்லிக்கொடுக்கும்போது இந்த நஷ்டம் கண்ணிலேயே படுவதில்லை. அறையை விடுங்கள். அந்த 17 கிலோவைச் சொல்லிக்கொடுங்கள், 'மீள்' ஏன் அங்கே இருக்கிறது என்பது மாணவர்களுக்கே புரிந்துவிடும்.