போகிமானில் எந்தச் சிரமம் தேவை?

போகிமான் வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் புது போகிமான் எதுவும் இல்லை. 2016-ல் சன், மூன் பதிப்புகளில் வந்த சவாரி வசதிதான். அதுவரை வழியில் நிற்கும் சின்ன மரத்தை வெட்ட, ஒரு போகிமானின் நான்கே நான்கு தாக்குதல்களில் ஒன்றை 'கட்'டுக்குக் கொடுக்கணும். நினைத்தபோது மறக்கவைக்கவும் முடியாது. இதற்கென்றே ஒரு சோப்ளாங்கியைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தோம்!

எக்ஸ்பி ஷேர் கதை வேற. சண்டை போடாத போகிமானுக்கும் அனுபவப் புள்ளி கிடைக்கும். 2013-ன் எக்ஸ், ஒய்-யில் இதை அணைத்து வைக்கலாம்; 2019-ன் ஸ்வோர்ட், ஷீல்டில் சுவிட்சே கிடையாது. யாரை வளர்ப்பது என்று யோசிப்பதுதானே விளையாட்டில் பாதி? 2022-ன் ஸ்கார்லெட், வயலட்டில் கஷ்டமான 'செட்' சண்டை முறையையும் தூக்கிவிட்டார்கள்.

எங்கள் ஓரிக்கைப் பக்கத் தறிகளில் ஜக்கார்டு டிசைன் வேலையை எளிதாக்கியது. சேலை பட்டுச்சேலையாகவே இருந்தது. கோர்வை போட, இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளணும். அந்தச் சிரமத்தை எடுத்தால் வருவது வேறு சேலை. மரம் வெட்டுவது முதல் ரகம், அணியை வளர்ப்பது இரண்டாவது. கேம் ஃப்ரீக் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டது. ஆப்ஷன்ஸ் திரையில் ஒரு வரி போதும். கோடு எழுதுகிறவருக்கு அது ஒரு பூலியன்.