புளிக்குழம்பில் அரிசி நூல்

மொரப்பூரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் என்றால் சர்க்கரையும் ஏலமும் போட்டதுதான். மலேசியாவின் லக்சாவிலோ நூடுல்ஸ் காரக் குழம்பில் மிதக்கும்.

ஊருக்கு ஊர் குழம்பு வேறு. சரவாக்கில் தேங்காய்ப்பால், இறால், கீறிய முட்டை ஆம்லெட். ஜொகூரில், நம்புங்கள், நூடுல்ஸுக்குப் பதில் இத்தாலிய ஸ்பகெட்டி!

என் ஓட்டு பினாங்கின் அசாம் லக்சாவுக்கு. தேங்காய்ப்பாலே கிடையாது. நம் கானாங்கெளுத்தியை அவித்து, முள் நீக்கி, உதிர்த்துப் புளித்தண்ணீரில் கொதிக்கவிடுகிறார்கள். இஞ்சிக் குடும்பத்துப் பூமொட்டு ஒன்று வாசனைக்கு. தடித்த வெள்ளை அரிசி நூடுல்ஸ். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா. புளிக்குழம்பில் வளர்ந்த நாக்கு உடனே சொந்தம் கொண்டாடும்.

கூடவே கரண்டியில் கறுத்த இறால் விழுது வரும். மொத்தமாகக் கலக்கிவிடாதீர்கள், தொட்டுத் தொட்டுக் கரையுங்கள்.