ஒரே ஒரு கோலில் கைநழுவும் ஹாக்கி

பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. 2025 ஜூனில் புரோ லீக் ஆட ஐரோப்பா போன இந்திய ஆண்கள் அணி வரிசையாக ஏழு ஆட்டங்களில் தோற்றது. நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் இரண்டு முறையும் 2-3. பெல்ஜியத்திடம் வாங்கிய 3-6 மட்டும்தான் பலத்த அடி. மறுநாள் அதே பெல்ஜியத்தை 4-3 என்று வென்று மூச்சு விட்டார்கள். ஒன்பது அணிகளில் எட்டாம் இடம். கீழே அயர்லாந்து மட்டும்.

ஏழில் ஆறு, ஒரு கோல் வித்தியாசம். இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது.

பிறகு எங்கே இடிக்கிறது? பெனால்ட்டி கார்னரில்தான் தேட வேண்டும். பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள, கோல் முன்னுள்ள அரைவட்டமான 'டி'க்கு வெளியே ஒருவர் நிறுத்த, கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் மட்டையால் பந்தை இழுத்துச் சுழற்றி வலைக்குள் வீசுகிறார். பாரிஸில் இந்தியா அடித்த 15 கோல்களில் 10 அவருடையவை. எல்லாமே கார்னரிலும் பெனால்ட்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. இந்த ஆயுதம் இல்லாமல் பதக்கம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

ஆனால் ஆயுதமே ஆட்டமாகிவிட்டது. 'டி'க்குள் நுழைந்ததும் கோலுக்கு அடிப்பதைவிட எதிராளியின் காலில் பந்தைப் பட வைத்து கார்னர் வாங்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எதிரணிகளும் வீடியோ பார்த்து, பந்து கிளம்பியதுமே பாய்ந்து வந்து மறிக்கின்றன. உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை பிசகினால் கரையில் எவ்வளவு ஜரிகை இருந்தும் சேலை தேறாது என்பது காஞ்சிபுரத்து நெசவாளருக்குத் தெரியும்; இந்த அணியில் கார்னருக்கும் களத்தாக்குதலுக்கும் இடையே விட்டுப்போயிருப்பது அந்தக் கோர்வைதான்.

பாரிஸோடு கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றதும் ஒரு காரணம். முன்பு கடைசி நிமிடத் தவறுகளை அவர் மூடி மறைத்துவிடுவார். அடுத்தடுத்த நாள் ஆட்டம், பயண அலுப்பு என்ற சமாதானம் மட்டும் முழுசாக எடுபடவில்லை. அதே லீக்கில் புவனேசுவரத்திலும் அப்படித்தான் ஆடினார்கள்: ஸ்பெயினிடம் 1-3 தோற்று மறுநாள் 2-0, ஜெர்மனியிடம் 1-4 தோற்று மறுநாள் 1-0. சொந்த மண்ணில் ஒரே இரவில் திருத்திக்கொண்ட அணிக்கு ஐரோப்பாவில் பெல்ஜியத்திடம் மட்டுமே அது கைகூடியது.

மாற்று வழி தெரியாதவர்களும் அல்ல. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னிலை. 45-ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத்தின் பெனால்ட்டி ஸ்ட்ரோக். அடுத்த மூச்சிலேயே குர்ஜந்த் சிங்கின் களக்கோல். 56-இல் ஆகாஷ்தீப் சிங். 4-3! சமன் செய்ததும் வென்றதும் களக்கோல்களால்தான்.

2025 செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என்று சாய்த்து ஆசியக் கோப்பையை வென்றபோதும் அதே கதை. சுக்ஜீத் முதல் நிமிடத்திலேயே அடித்தார், தில்பிரீத் இரண்டு அடித்தார். கார்னரில் வந்தது ரோஹிதாஸின் ஒரு கோல்தான். ஹர்மன்பிரீத் அன்று கோலே அடிக்கவில்லை.

பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் வளர்க்க வேண்டியது இந்த ஆட்டத்தைத்தான். அந்த வெற்றியால் இந்தியா தகுதி பெற்ற 2026 ஆகஸ்டு உலகக் கோப்பையை நடத்துபவை நெதர்லாந்தும் பெல்ஜியமும். ஜூனில் அந்த ஏழு தோல்விகளும் நேர்ந்தது இவ்விரு நாட்டு மைதானங்களில்தான்.