கதிரும் ஊசியும்: 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில் நூற்போர் நிலை

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்வதில் நம் துறையினரிடையே தயக்கம் உண்டு. கதையையும் பாத்திரங்களையும் மட்டும் தேடுவோர்க்கு அத்தயக்கம் இயல்பே. ஆயினும், ஒரு விளையாட்டின் கருத்தியல் அதன் கதையைக் காட்டிலும் விதிகளிலேயே உறைந்துள்ளது என்பது நம் துணிபு. 1997இல் ஒரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'அல்டிமா ஆன்லைன்' என்னும் இணையவழிக் கற்பனையுலக விளையாட்டின் ஆடைத் தொழிலை இந்நோக்கில் அணுகலாம்.

இவ்விளையாட்டில் ஆடைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. ஆடுபவர் பருத்தியைப் பறிக்கிறார். அல்லது ஆட்டின் உரோமத்தைக் கத்தியால் கத்தரிக்கிறார். அதை இராட்டையில் இட்டால் நூல் கிடைக்கிறது. ஒரு பொதிப் பருத்தி 6 நூற்கண்டுகளைத் தரும். உரோமமாயின் 3 மட்டுமே. 5 கண்டுகளைத் தறியில் ஏற்றினால் ஒரு துணிச்சுருள் உருவாகும். கத்தரிக்கோல் அதனை 50 துண்டுகளாக்கும். ஓர் அங்கிக்கு 16 துண்டுகள் வேண்டும். ஆக, ஒரு செடியில் பறித்த பருத்தி மூவருக்கு அங்கி அளிக்கிறது! உழவனும் நெசவாளனும் இக்கணக்கைக் கேட்டால் நகைப்பர். எனினும், 2004இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டோடு ஒப்பிடுகையில் இதன் நேர்மை புலப்படும். அங்குத் துணி, கொல்லப்பட்ட பகைவரின் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது; நூலோ கடையில் வாங்கப்படுகிறது. நூற்றல், நெய்தல் ஆகிய இரண்டும் அவ்வுலகத் தையற்காரர் அறியாத தொழில்கள்.

எனினும் அல்டிமாவின் மீது நமக்கொரு குறை உண்டு. இராட்டையைச் சுழற்றவும் தறியை இயக்கவும் அங்கு எத்திறனும் வேண்டியதில்லை; எவரும் செய்யலாம், எத்தனை முறை செய்தாலும் திறன் வளராது. ஊசியைக் கையிலெடுத்த பின்னரே தையல் திறன் கணக்கிடப்படுகிறது. அத்திறன் 100ஐ எட்டியவர் தாம் தைத்த மேலான ஆடையில் தம் பெயரைப் பொறிக்கலாம். நூற்றவர் பெயருக்கு அங்கு இடமில்லை. மெய்யுலகிலோ 18ஆம் நூற்றாண்டில் நூற்பு எந்திரங்கள் வருமுன் ஒரு தறிக்கு நூல் வழங்கப் பலர் ஓயாது நூற்க வேண்டியிருந்தது. அவருள் பெரும்பாலோர் பெண்கள். மிகுந்த நேரத்தை விழுங்கிய உழைப்பே விளையாட்டில் சில நொடிகளுள் முடிந்துவிடுகிறது. ஆடுவோர்க்குச் சலிப்பு நேராதிருக்கவே இச்சுருக்கம் என்பர். அது நேரத்திற்குப் பொருந்தும் விடை. திறன் மறுக்கப்பட்டதற்கு விடையாகாது.

தமிழாசிரியர்க்கு இங்கே நன்னூல் நினைவுக்கு வரக்கூடும். நூல் என்னும் சொற்குப் பெயர்க்காரணம் கூறுமிடத்துப் பவணந்தியார் சொல்லைப் பஞ்சாகவும், அறிவைக் கதிராகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கிறார். நெய்பவனையோ தைப்பவனையோ அவர் நாடவில்லை. நூற்றலை நுண்திறனாக மதித்த மரபொன்று நம்மிடம் இருந்தமைக்கு இதுவும் ஒரு சான்று.

2001இல் வெளிவந்த 'ரூன்ஸ்கேப்' இவ்வகையில் ஒருபடி முன்னேறியது. அதில் ஆளிநாரை நூற்கக் கைவினைத் திறன் 10ஆம் நிலையை எட்டியிருக்க வேண்டும். நூற்கும்தோறும் அத்திறன் வளரவும் செய்யும். ஆனால் அந்நார் ஆடையாவதில்லை, வில்லுக்கு நாணாகிறது.