கோலப்பொடி வரைபடத்தில் சேரி எங்கே?

ராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் எழுதிய ஊரக வளர்ச்சி பற்றிய புத்தகம், கடைசியில் இருப்பவரை முன்னால் வைக்கச் சொன்னது. அவரும் மற்றவர்களும் வளர்த்த பங்கேற்பு ஆய்வுமுறை 1990களில் நம் கிராமங்களுக்கும் வந்தது. ஜீப்பில் வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கடைசி ஆள் முன்னால் வந்தாரா?

படிக்கிற காலத்தில், ஒரு தொண்டு நிறுவனம் இந்த முறையை விவசாயிகளிடம் சோதித்துப் பார்த்தபோது எழுத்து வேலைக்குப் போயிருந்தேன். ஊர்க் கோயில் வாசலில் கோலப்பொடியைக் கொடுத்து, "உங்க ஊரை நீங்களே வரையுங்க" என்றார்கள். நிலக்காரர்கள் சொல்லச் சொல்ல கிணறு, வாய்க்கால், பம்புசெட் எல்லாம் வந்தன. சேரி, மூலையில் நாலு புள்ளி. எங்க சனம் தள்ளி நின்று பார்த்தது. ஆய்வாளர் கூப்பிட்டதற்கு ஒரு அம்மா, "அவுங்க சொன்னா சரிதாங்க" என்றார். 'மக்கள் ஒருமனதாக' என்று அறிக்கையில் எழுதியது நான்தான்.

ராத்திரி சேரித் தெருவில் அதே அம்மா குச்சியால் வேறொரு படம் கீறினார். "இது களத்துமேடு. கூலிக்கு இருட்டுற வரைக்கும் நிக்கணும். இது நம்ம பொணம் போகக்கூடாத தெரு. இது சர்க்கார் நம்ம பாட்டனுக்குக் குடுத்த நெலம், இப்ப அவுங்க கரும்பு."

"காலையில ஏம்மா சொல்லல?"

"நாளைக்கு வேலைக்குக் கூப்புடணுமே தம்பி."

பயம் சும்மா வருவதில்லை. 1994இல் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடிய இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

மேற்கு இந்தியாவில் ஒரு திட்டத்தில் வேலை செய்த டேவிட் மோஸ், இந்த ஆய்வுகள் பொது நிகழ்ச்சிகள், அங்கே வெளிப்படும் அறிவை அதிகார உறவு தீர்மானிக்கிறது என்று 1994லேயே எழுதினார். நாம் சேர்க்க வேண்டியது ஒன்றுண்டு: நம் ஊரில் பொது இடம் என்பதே சாதி இடம்.

'விவசாயி' என்ற சொல்லும் அப்படித்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலிகள் 96 லட்சம். நட்டு, களையெடுத்து, அறுக்கிறவள் கூலி. வரப்பில் நிற்கிறவர் விவசாயி. ஆய்வு யாரைக் கேட்கிறது?

முறையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கோலப்பொடியைச் சேரிக்குக் கொண்டுவாருங்கள். வேலை முடிந்த பிறகு வாருங்கள். நிலம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். வரைந்த படத்தை யாரிடம் காட்டலாம் என்பதை வரைந்தவர்களே சொல்லட்டும்.

அன்றைக்கு நான் எழுதிய 'ஒருமனதாக' என்ற சொல்லை இங்கே அடித்துவிடுகிறேன்.